இறந்தவர்களின் அட்டைகளை நான் ஏன் எரித்தேன்

சுபாங் ஜெயாவில், கம்பெனிகளுக்காகப் பட்டியல் பராமரிக்கும் உங்கள் புதிய ஆபீஸைப் பார்க்க என்னை அழைத்திருந்தீர்கள். நல்ல ஏர்கோன், நல்ல கோப்பி, மரியாதை தெரிந்த பிள்ளைகள். உங்களில் ஒரு தங்கை பெருமையாகக் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். கார் விற்கும் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் பட்டியல் அது. பெயர், முகவரி, என்ன வண்டி, எப்போது வாங்கினார் என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: இறந்துவிட்டாரா, எந்தத் தேதியில். "பாருங்க ஆன்டி, இப்பல்லாம் இவ்ளோ டீட்டெயில் வச்சிருக்கோம்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. வயதானால் கோபம்கூடத் தாமதமாகத்தான் வந்து சேருகிறது. அது இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தங்கை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தனக்குச் சொன்ன வேலையைச் செய்திருக்கிறாள். அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னவர் யார், எதற்குச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லையே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எண்பதுகளில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளி, தவுக்கே என்போம், சீனர். கார் கம்பெனிகளுக்காகக் கடிதம் அனுப்பிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அவர்கள் வண்டி வாங்கியவர்களின் பெயர்களையும் வண்டி விவரங்களையும் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். நாங்கள் ஆளுக்கொரு அட்டை டைப் அடித்து, ஒரே ஆள் இரண்டு முறை வராமல் பார்த்து, வீடு மாறியவர்களைத் திருத்தி, லேபிள் ஒட்டி அனுப்புவோம். எப்படி டைப் அடித்தோம், எப்படி அடுக்கினோம் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். இன்று அதையெல்லாம் மெஷின் செய்கிறது. மெஷின் செய்யாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டியலைச் சுத்தம் செய்வது என்று நாம் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம். ஆனால் எனக்குத் தெரிந்த மேனேஜர்களில் பாதிப்பேருக்குச் சுத்தம் என்றால் வேறு அர்த்தம். ரப்பர் தோட்டத்து முகவரி போட்டவர்களை எல்லாம் எடுத்துவிடு, அவர்கள் எங்கே புதுக் கார் வாங்கப் போகிறார்கள் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். என் மாமா தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்திலிருந்துதான் கார் வாங்கினார் என்பது அவருக்குத் தெரியாது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு பெயரையும் எடுக்கவில்லை. கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. அந்த மாதிரி ஆட்களிடம் வாக்குவாதம் செய்து உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்.

சரி, இறந்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். இறந்துபோனவர் பெயருக்குக் கடிதம் போவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் நானே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் வந்ததும் தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைப் படிப்பேன். நம் ஆட்கள் அந்த அறிவித்தலில் ஒன்றும் விடமாட்டார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், வீட்டு முகவரி, மனைவி மக்கள், கருமக்கிரியை என்றைக்கு, எல்லாம் இருக்கும். அதை எங்கள் அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒத்துப்போனால் அந்த அட்டையை எடுத்து, இறந்த தேதியை ஓரத்தில் எழுதி, மேசையின் கீழ் டிராயரில் போட்டுவிடுவேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அது மரியாதையாகப் பட்டது.

எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஒரு கார் கம்பெனியில் பழைய வண்டிப் பிரிவு ஒன்று இருந்தது. அதில் வேலை பார்த்த ஒருவர் வாரம் ஒருமுறை எங்கள் ஆபீஸுக்கு வருவார். தமிழர்தான். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று கேள்வி. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, எப்போதும் எங்களுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. திரும்பி வந்த கடிதங்களையும் டிராயரில் இருந்த அட்டைகளையும் வாங்கிக்கொண்டு போய், அடுத்த வாரம் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார். கம்பெனிப் பதிவையும் திருத்த வேண்டாமா என்பார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நாங்களும் நாசி லெமாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொள்வோம்.

ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் தேவகி. சுங்கை வே தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். முன்பு நாங்கள் அனுப்பிய ஒரு கடிதத்தை அவள் அப்பா எடுத்து வைத்திருந்திருக்கிறார். முகவரி மாறினால் தெரிவிக்க என்று அதன் அடியில் எங்கள் ஆபீஸ் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். எங்கப்பா தவறிட்டத உங்க கம்பெனிக்கு யாரு சொன்னா?"

அவள் அப்பா கிள்ளானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டியவர். நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த சில நாளில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கார் கம்பெனி, உங்கள் வீட்டுக்காரருக்கு வேன் எடுத்துக் கொடுத்ததே நான்தான், அண்ணன் மாதிரிப் பழகினோம் என்று சொல்லி, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்திருக்கிறார். தேவகியின் அம்மா அவருக்குக் கோப்பி கொடுத்திருக்கிறார். இரண்டாவது முறை வந்தபோது கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களோடு ஒரு கவர் கொண்டுவந்தார். பதினாறாம் நாளுக்குள் வேனை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் அரசாங்கம் வண்டியை முடக்கிவிடும், பிறகு துரும்பும் கிடைக்காது என்றார். என்ன விலை என்று கேட்டதற்கு, இந்த நேரத்தில் அதைப் பேச வேண்டாம், பார்த்துச் செய்கிறேன் என்றாராம். மறுநாள் சாவியையும் பதிவு அட்டையையும் வாங்கிப் போக வருகிறார். அம்மா சம்மதித்துவிட்டார்.

அந்த வேன்தான் அந்தக் குடும்பத்தின் சோறு. தேவகிக்குக் கீழே இரண்டு தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வேனை ஓட்டுவதாக அவள் யோசித்து வைத்திருந்தாள். அதுவரைக்கும் பிள்ளைகளை அப்பாவின் நண்பர் ஒருவர் தன் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். வேன் போனால் அந்தப் பிள்ளைகளும் போய்விடுவார்கள், பிறகு ஒன்றுமே இல்லை.

ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டேன். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"போறப்ப 'வரேங்க்கா'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அம்மா அப்படியே ஒரு மாதிரி ஆயிட்டாங்க. பெரியம்மா வாய்விட்டே திட்டுனாங்க. அப்பதான் எனக்கு என்னவோ சரியில்லன்னு பட்டுச்சு."

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம்மில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். துக்கத்துக்கு வந்தவர் சும்மா எழுந்து போவார். அந்த மனிதருக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனால் வீடு வீடாகப் போய் வண்டி பேசிய வாய், கிளம்பும்போது தானாக அடுத்த வருகைக்கு அடி போட்டுவிட்டது. சட்டையையும் முகத்தையும் சாவு வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டவர் நாக்கை மட்டும் மறந்துவிட்டார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே கீழ் டிராயரைத் திறந்தேன். அவள் அப்பாவின் அட்டை இருந்தது. என்ன வேன், எந்த வருஷம், கடன் கட்டி முடித்தாயிற்று என்ற குறிப்பு, ஓரத்தில் என் கையெழுத்தில் தேதி. அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. பத்திரிகை அறிவித்தலில் சாவு இருக்கிறது, வண்டி இல்லை. கம்பெனிப் பட்டியலில் வண்டி இருக்கிறது, சாவு இல்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் மரியாதைக்காக இரண்டையும் ஒரே அட்டையில் சேர்த்தேன். அந்த ஆள் அதை எந்த வீட்டில் எப்போது நுழைவது என்ற வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்.

உன் டிராயரால்தானே இவ்வளவும் என்று பிறகு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. திருடியவனை விட்டுவிட்டுப் பூட்டு ஏன் போடவில்லை என்று வீட்டுக்காரியை விசாரிக்கும் புத்தி நம்மிடம் நிறையவே இருக்கிறது. நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அதை அப்படியே தொடர்ந்திருந்தால்தான் தப்பு.

தேவகி காத்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் வண்டியை முடக்குமா என்று கேட்டாள். நான் லேபிள் ஒட்டுகிறவள், எனக்குத் தெரியாது என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அந்தக் கம்பெனி எங்கள் பெரிய வாடிக்கையாளர். தவுக்கே ஈப்போ போயிருந்தார், கேட்கவும் முடியாது. ஆனால் அரசாங்கத்துக்குப் பதினாறாம் நாள் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கெடு அரசாங்கத்தின் கெடு இல்லை. பதினாறு முடிந்தால் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், விவரம் தெரிந்த ஒருவர் காகிதத்தைப் படித்துப் பார்ப்பார். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது அவருடைய கெடு.

"அது பொய்ம்மா. எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். நாளைக்கு நான் வரேன்" என்றேன்.

மறுநாள் பஸ் பிடித்துக் கிள்ளான் போனேன். ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன இணைப்பு வீடு. வாசலில் வேன் நின்றது, கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள், கொடுக்கப்போகிற வண்டியாயிற்றே என்று. உள்ளே படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. தேவகியின் அம்மா ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நான் பெண்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் வந்தார். கக்கத்தில் கவர். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"துக்கம் விசாரிக்க வந்தேன். நீங்க?"

"நானும் அதுக்குத்தான்" என்றார்.

"அப்ப அந்தக் கவர் எதுக்கு?"

அவர் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தேவகியின் அம்மா பக்கம் திரும்பி, இவர் உங்கள் வீட்டுக்காரருக்கு நண்பர் இல்லை, உங்கள் வீட்டுச் சாவை எங்கள் ஆபீஸ் டிராயரில் இருந்து எடுத்துக்கொண்டு வந்தவர் என்று சொன்னேன். அரசாங்கம் வேனை முடக்காது, வாரிசு யாரோ அவர் பெயருக்கு மாற்ற வழி இருக்கிறது, அவசரமே இல்லை என்றும் சொன்னேன். அவரை நாலு அறை அறைய முடியவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது.

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "என்ன அக்கா இப்படிப் பேசுறீங்க. வண்டி சும்மா நின்னா கெட்டுப் போயிரும்லா. பொம்பளைங்க இருக்குற வீடு, ஹெல்ப் பண்ணலாம்னு வந்தேன். எத்தன வீட்டுல எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க தெரியுமா?"

எத்தனை வீட்டில். ஒவ்வொரு வாரமும் அவர் கையில் நானே எடுத்துக் கொடுத்த அட்டைகள் கண்முன் வந்தன. எத்தனை வீடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அதுவரை தலை குனிந்தே இருந்த தேவகியின் அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை.

"தம்பி, அன்னைக்கு அவரு படத்துக்கு முன்னால ஒக்காந்து அழுதீங்களே. அது எதுக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த மனிதர் கவரை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார். இந்த முறை சொல்லிக்கொள்ளாமல் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த நாள் காலையில் அந்தக் கார் கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார். நடந்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். பழைய வண்டிப் பிரிவின் வியாபாரத்தில் நான் தலையிட்டேனாம். பட்டியல் கம்பெனியின் சொத்தாம். இறந்தவர்களின் அட்டைகள் முழுவதையும் மதியத்துக்குள் கட்டி வைக்க வேண்டும், டிரைவர் வந்து எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் எங்களுக்கு இனி வேலை கிடையாது என்றார்.

பெயர்கள் அவர்களுடையவை என்பது உண்மை. அட்டைகள் எங்கள் ஆபீஸில் அடித்தவை. ஓரத்தில் இருந்த தேதியோ, துக்கத்தில் இருந்த குடும்பங்கள் ஊருக்குத் தெரிவித்தது, கார் கம்பெனிக்கு அல்ல. எது யாருடையது என்று வக்கீல்கள் வருஷக்கணக்கில் சண்டை போடலாம். எனக்கு மதியம் வரைதான் நேரம் இருந்தது. கொடுத்தால் அந்த ஆள் போகாவிட்டாலும் இன்னொருவர் போவார், வேறு சட்டை, வேறு கண்ணீர். ஒளித்து வைத்தால் தவுக்கே எனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால், வாடிக்கையாளர் சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

கீழே கடையின் பின்பக்கத்தில் தவுக்கே வைத்திருந்த ஒரு பெரிய டின் உண்டு. சீனர்களின் பேய் மாதத்தில் அதில்தான் தன் முன்னோர்களுக்குக் காகிதம் எரிப்பார். டிராயரைத் தூக்கிக்கொண்டு போய் அந்த டின்னில் கொட்டிக் கொளுத்தினேன். கெட்டியான அட்டைகள், சீக்கிரம் எரியவில்லை. குச்சியால் கிளறிக்கொண்டு நின்றேன்.

பாதி எரியும்போது தவுக்கே ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தார். புகையைப் பார்த்துப் பின்பக்கம் வந்தார். என்ன எரிக்கிறாய் என்று மலாயில் கேட்டார். செத்தவர்கள் என்றேன். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்து, மாடியில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நல்லது. அப்ப நான் பொய் சொல்ல வேண்டியதில்ல" என்று அதே மலாயில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய் மேனேஜரிடம் பேசினார். அட்டைகள் எரிந்துவிட்டன, ஒன்றும் இல்லை, டிரைவர் வந்தால் சாம்பல்தான் கிடைக்கும் என்று சொன்னது படி வரைக்கும் கேட்டது.

கம்பெனி சொன்னபடி வேலையை எடுத்துவிட்டது. எங்களோடு டைப் அடித்த ஒருத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது, நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. நல்லது செய்தால் எல்லோருக்கும் நல்லதாகவே முடியும் என்று உங்களுக்கு நான் கதை அளக்க மாட்டேன்.

அன்றிலிருந்து மற்றக் கம்பெனிகளின் பட்டியல்களில் நான் ஒரே ஒரு குறிதான் போட்டேன்: அனுப்பாதே. வீடு மாறியவருக்கும் அதுதான், வண்டியை விற்றவருக்கும் அதுதான், சண்டை போட்டவருக்கும் அதுதான், இறந்தவருக்கும் அதுதான். மரண அறிவித்தல் பக்கத்தைப் படிப்பதை நான் விடவில்லை. ஆனால் படித்தது குறியோடு நின்றது. காரணம் எங்கும் எழுதப்படவில்லை. ஏன் நீக்கினாய் என்று கேட்ட மேனேஜர்களிடம், கடிதம் போய்ச் சேராது, உங்களுக்குத் தபால் தலை மிச்சம் என்பேன். அதற்கு மேல் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. உங்கள் திரையில் இருக்கும் அந்தக் கடைசிக் கட்டமும் உங்கள் வேலைக்குத் தேவையே இல்லாதது. கடிதம் போகாமல் நிறுத்த ஒரு குறி போதும். தேதி வரைக்கும் கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. கேட்கிறவர் டை கட்டியிருக்கிறார், நல்ல பதவியில் இருக்கிறார் என்பதற்காகப் பயந்து எழுதிக் கொடுக்காதீர்கள். எதற்கு என்று கேளுங்கள்.

சில மாதம் கழித்துத் தேவகி மறுபடியும் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் ஒரே இரைச்சலாகக் கேட்டது, பள்ளிக்கூட வாசலில் பொது போனில் நின்று பேசினாள். வேனை அவள்தான் ஓட்டுகிறாளாம். பெயர் மாற்றும் வேலையும் நடக்கிறதாம்.

"அக்கா, அப்பா பேருக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. வேன மாத்துற நேரம் வந்துருச்சாம், வந்து பாக்கச் சொல்லி."

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கம்பெனியின் வேலையை இப்போது வேறு ஆபீஸ் செய்கிறது, அவர்கள் தமிழ்ப் பத்திரிகை பார்ப்பதில்லை, நான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஏதேதோ சொன்னேன். அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டேன். பட்டுவிட்டதாம், அம்மாதான் பிரித்துக் கொடுத்தாராம். மன்னித்துவிடு என்றேன்.

"பரவால்லக்கா" என்றாள். "லெட்டர்தானே வந்துச்சு. ஆளு வரலியே."